மறுநாள் கால் வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலமா? ஆக்ஸிஜன் போதாத செல் என்ன செய்கிறது?

கேள்வி, டிசம்பர் 3, காலை 6.50

ஜனவரியில் முதல்முறையாக 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். நேற்று பெசன்ட் நகர் பீச்சில் கொஞ்சம் வேகமாகவே ஓடிப் பழகினேன். இன்று மாடிப்படி இறங்க முடியவில்லை. ஆக்ஸிஜன் போதாமல் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அந்தக் கழிவை மசாஜ் செய்து வெளியேற்றினால்தான் வலி போகும் என்று கோச் சொல்கிறார். ஆக்ஸிஜன் இல்லாதபோது செல் எப்படிச் சக்தி எடுக்கிறது? அந்தக் கழிவு எங்கே போகிறது?

டிசம்பர் 3, இரவு 10.15

கோச் சொன்னது தப்பு தம்பி. நேற்று ஓடும்போது உங்கள் தசையில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்புக்குள் இருக்கிற வடிவம்) ஏறியது உண்மைதான். ஆனால் ஓட்டத்தை நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள், ரொம்பப் போனால் இன்னும் கொஞ்ச நேரத்தில், அது பழைய அளவுக்கு இறங்கியிருக்கும். இன்று காலை நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியபோது நேற்றைய லாக்டேட் அங்கே இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற வலி வேறு. பழக்கமில்லாத வேலை கொடுத்ததால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவும், அதைச் சரிசெய்ய உடம்பு செய்கிற வேலையும்தான் அந்த வலி.

நான் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். பத்தொன்பது வருஷமாக லாக்டேட் அளக்கிறேன். அதைக் கழிவு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

டிசம்பர் 4, மதியம் 1.30

செல்லுக்குச் சக்தி என்றால் ஏடிபி. தசை சுருங்க, நரம்பில் உப்புகளை உள்ளே வெளியே தள்ள, புரதம் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான் செலவாகிறது. அதைத் தயாரிக்கிற முதல் கட்டத்துக்கு ஆக்ஸிஜனே வேண்டாம். ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ் பத்துப் படிகளில் உடைந்து, மூன்று மூன்று கார்பனாக இரண்டு பைருவேட் ஆகிறது. வழியில் இரண்டு ஏடிபி செலவாகி நான்கு கிடைக்கிறது, கையில் நிற்பது இரண்டு. இதைக் கிளைக்காலிசிஸ் என்கிறோம். ஆக்ஸிஜன் இருந்தால் பைருவேட் செல்லின் சக்தி உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுவதும் எரிந்து மொத்தம் 38 ஏடிபி தரும்.

சரி, ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அந்த இரண்டை மட்டும் வைத்து ஓட்டலாமே, பைருவேட் அப்படியே கிடக்கட்டுமே, அதை எதற்கு லாக்டேட்டாக மாற்ற வேண்டும்? எல்லோரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு விளங்கவே பல வருஷம் ஆனது.

நம் ஊரில் தண்ணீர் கேன் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலி கேனைக் கொடுத்தால்தான் நிறைந்த கேன் வரும். தெருவில் எல்லா வீட்டிலும் கேன் நிறைந்தே இருந்து ஒருவரும் காலி செய்யவில்லை என்றால், நிரப்புகிற இடத்தில் கேன் இல்லாமல் வேலை நின்றுபோகும், போர்வெல்லில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும். செல்லில் அந்தக் கேன் என்ஏடி என்கிற மூலக்கூறு. குளுக்கோஸ் உடையும்போது வெளிவருகிற எலக்ட்ரான்களை அது வாங்கிக்கொள்ளும். வாங்கி நிறைந்துவிட்டால் அதை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வழக்கமாகக் கொட்டுகிற இடம் மைட்டோகாண்ட்ரியா, அங்கே கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அங்கே வரிசை நின்றுவிடும். செல்லில் என்ஏடி இருப்பதே கொஞ்சம், சில நொடிகளில் எல்லாம் நிறைந்து கிளைக்காலிசிஸும் நின்றுவிடும்.

அப்போது கையில் இருக்கிற பைருவேட்டே பாத்திரமாகிறது. கேனில் இருப்பதை அதில் கொட்டுகிறார்கள், கேன் காலியாகித் திரும்பிப் போகிறது, பைருவேட் லாக்டேட் ஆகிறது. ஆக, லாக்டேட் உண்டாவது வேலை நிற்காமல் இருக்கத்தான். தசையை முடக்குகிற விஷமாக அதை நினைத்தது நம் தவறு.

டிசம்பர் 4, மதியம் 1.55

விட்டுப்போனது ஒன்று. ஓட ஆரம்பித்த முதல் சில நொடிகளில் இதுகூட இல்லை. இருக்கிற ஏடிபி இரண்டு மூன்று நொடிக்குத்தான் காணும். அதன் பிறகு கிரியேட்டின் பாஸ்பேட் தன் பாஸ்பேட்டைக் கொடுத்துத் தீர்ந்த ஏடிபியை நிரப்பும், முழு வேகத்தில் ஓடினால் அது பத்து நொடி வரும். பஸ் கிளம்பும்போது ஓடிப்போய் ஏறுகிறோமே, அது பெரும்பாலும் கிரியேட்டின் பாஸ்பேட் கணக்குதான். அவ்வளவு ஓட்டத்துக்கு லாக்டேட் அதிகம் ஏறாது.

டிசம்பர் 6, இரவு 11.05

"மசாஜ் செய்தால் எனக்கு வலி குறைகிறதே, அப்படியென்றால் கோச் சொன்னது சரிதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மசாஜ் சுகமாக இருப்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஓடி முடித்த ஒரு மணி நேரத்தில் போய்விட்ட பொருளை மறுநாள் கையால் பிழிந்து எடுக்க முடியாது.

நம்பிக்கை வராதவர்கள் திருக்கழுக்குன்றம் மலை ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை எரியும், லாக்டேட் ஏறுவது அப்போதுதான். இறங்கும்போது மூச்சு சாதாரணமாக இருக்கும், பேசிக்கொண்டே வரலாம், லாக்டேட் குறைவு. ஆனால் மறுநாள் வலி எதனால் என்றால் இறங்கியதால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, நார் சிதைவது அந்த மாதிரி வேலையில்தான் அதிகம். லாக்டேட்தான் காரணம் என்றால் கணக்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? போன வருஷம் என் மகளோடு போய் வந்தபோது இரண்டு நாள் தரையில் உட்கார முடியாமல் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பாதி வழியில் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டாள், அவளுக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9, காலை 7.20

திருத்தம். டிசம்பர் 4 குறிப்பில் 38 ஏடிபி என்று எழுதிவிட்டேன். கல்லூரியில் மனப்பாடம் செய்த எண், கை தானாக எழுதிவிட்டது. இப்போது ஏற்றுக்கொள்ளப்படும் கணக்கு ஏறக்குறைய 30 முதல் 32. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு வழியாகப் புரோட்டான் கசிகிறது, பொருட்களை உள்ளே கொண்டுபோகவும் செலவாகிறது. பழைய கணக்கு இவற்றை விட்டுவிட்டது. எப்படிப் பார்த்தாலும் ஆக்ஸிஜன் இல்லாத வழியில் கிடைப்பது பதினைந்தில் ஒரு பங்குதான். ஆனால் அது பல மடங்கு வேகமாக வரும், வேகமாக ஓடுகிற தசைக்கு அந்த வேகம் வேண்டும்.

டிசம்பர் 10, இரவு 9.40

இன்று சென்ட்ரல் பக்கம் போக வேண்டியிருந்தது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைத் தாண்டும்போது ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான எல்லாப்ரகட சுப்பாராவ் ஞாபகம் வந்தது, இந்த இழையில் அவர் பெயர் வராமல் போகக்கூடாது.

பீமவரத்தில் 1895இல் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, இந்த மெடிக்கல் காலேஜுக்கு வந்தார். கதர் உடுத்தி வந்ததால் அறுவைசிகிச்சைப் பேராசிரியர் கோபித்துக்கொண்டார், எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் அதைவிடக் கீழான எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. அப்புறம் ஹார்வர்டு போனார். அங்கே சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். நான் டிப்ளமா படித்தபோது செய்முறைத் தேர்வில் அந்த முறைதான் வந்தது, நீலநிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து அளவு சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் ஊரில் படித்தவர் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

அந்த முறையை வைத்துத் தசையைச் சோதித்தபோதுதான் 1927இல் கிரியேட்டின் பாஸ்பேட் கிடைத்தது. 1929இல் ஏடிபியும். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைப் பிரித்தெடுத்தார்.

இது ஏன் இந்த இழைக்கு முக்கியம்? 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையை ஆக்ஸிஜன் இல்லாமல் வேலை வாங்கி, லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். ஆக்ஸிஜனில் வைத்தால் அது மறைந்தது. அதன் தொடர்ச்சியாகத் தசையைச் சுருங்க வைப்பதே லாக்டிக் அமிலம்தான் என்ற எண்ணம் வேரூன்றியது. தசையின் வெப்பமும் லாக்டிக் அமிலமும் பற்றிய வேலைக்காக ஹில்லுக்கும் மேயர்ஹாஃபுக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு 1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட் ஒரு வேதிப்பொருளால் லாக்டிக் அமிலம் உண்டாவதையே தடுத்தார், தசை அப்போதும் சுருங்கியது! சுருங்கச் சுருங்கக் கிரியேட்டின் பாஸ்பேட் தீர்ந்துகொண்டு வந்தது. அந்தப் பொருளை மூன்று வருஷம் முன்னால் அடையாளம் காட்டியது சுப்பாராவும் ஃபிஸ்க்கும். லாக்டிக் அமிலத்தின் மேல் இருந்த அளவுக்கு மீறிய கவனம் விலகியதில் மெட்ராஸில் படித்தவர் ஒருவரின் கை இருக்கிறது.

டிசம்பர் 11, காலை 6.30

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்போ எரிச்சலுக்கு என்ன காரணம்" என்று தம்பி கேட்டது நல்ல கேள்வி. ஓடும்போதே வருகிற எரிச்சல் வேறு, மறுநாள் வலி வேறு. வேகமாக ஓடுகிற தசையில் அமிலத்தன்மை ஏறுவது உண்மை. ஆனால் பைருவேட் லாக்டேட் ஆகும் அந்த ஒரு படி மட்டும் பார்த்தால் அது ஒரு புரோட்டானை (அமிலத்தன்மையைத் தருவது அதுதான்) உள்ளே இழுத்துக்கொள்கிறது, வெளியே விடவில்லை. அமிலம் எந்தப் படியில் வருகிறது என்று உடலியக்கம் படித்தவர்களிடையே வாதம் ஓயவில்லை.

டிசம்பர் 15, இரவு 10.50

மழை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முழங்கால் தண்ணீர். ஊரில் அண்ணன் போன் செய்தார், மன்னார்குடி பக்கம் நட்ட பயிர் ஆறு நாளாக மூழ்கிக் கிடக்கிறது. பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த இழைதான் ஓடியது. மூழ்கிய நெல்லும் மூச்சில்லாமல்தான் கிடக்கிறது, தண்ணீரில் ஆக்ஸிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவு.

நெல் அந்த நேரம் லாக்டேட்டை அதிகம் நம்புவதில்லை. பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைக் கழற்றி, மிச்சத்தில் எலக்ட்ரானைக் கொட்டி, எத்தனால் ஆக்குகிறது. ஈஸ்ட் செய்வதும் அதையேதான். கேன் காலியாக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம், எதில் கொட்டுகிறோம் என்பது உயிருக்கு உயிர் மாறும். நெல் விதை தண்ணீருக்கு அடியிலேயே, ஆக்ஸிஜன் துளியும் இல்லாமல் முளை விடும். முளையின் வெளி உறை மட்டும் குழாய் மாதிரி நீண்டு காற்றைத் தேடி மேலே போகும், வேர் காத்திருக்கும். கோதுமையால் இது முடியாது.

அண்ணன் போட்டிருப்பது சி.ஆர். 1009 சப்-1 என்கிற நெல் ரகம். அந்த சப்-1 மரபணு ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து வந்தது. மூழ்கினால் உயரமாக வளர்ந்து சர்க்கரையைத் தீர்த்துக்கொள்ளாமல், வளர்ச்சியை நிறுத்திவைத்து, இருப்பதைச் சிக்கனமாகச் செலவழித்து இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆறு நாள்தானே ஆகிறது, தைரியமாக இருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 21, காலை 5.45

மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை. நேற்று இரவு ஏழு மணிக்கு ஆட்டி வைத்தது, இப்போது திறந்தால் ஆட்டிய அளவிலேயே இருக்கிறது. கரண்டியை விட்டால் கனமாக இறங்குகிறது, வாசனையும் பச்சை உளுந்து வாசனை. மே மாதமாக இருந்தால் இந்நேரம் மூடியைத் தூக்கிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும்.

இட்லி மாவிலும் நடப்பது நம் கதைதான். உளுந்தோடு வருகிற லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலம் விடுகின்றன, அதுதான் புளிப்பு. கூடவே கார்பன் டை ஆக்ஸைடும் விடுகின்றன, உளுந்தின் கொழகொழப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. மூடி வைத்த பாத்திரத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் அவை இந்த வழிக்கு மாறிவிடும்.

டிசம்பர் 22, இரவு 8.10

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுங்கள். நுண்ணுயிரியல் படித்த ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதுதான் சரி. இந்த வகை பாக்டீரியாக்கள் எதற்கும் மாறுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது போன்ற, எலக்ட்ரானைக் கைமாற்றி ஆக்ஸிஜனிடம் சேர்க்கிற சங்கிலி பெரும்பாலும் அவற்றிடம் முழுதாக இல்லை, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதித்தல்தான் அவற்றின் பிழைப்பு. ஆக்ஸிஜனைப் பார்த்து வழி மாற்றிக்கொள்வது ஈஸ்ட். காற்றில்லாமல் அது சர்க்கரையை மிக அதிகமாகத் தின்னும் என்று 1861இல் பாஸ்தர் கவனித்தார். ஒரு குளுக்கோஸில் கிடைப்பது இரண்டே ஏடிபி என்றால் அதிகம் தின்றுதானே ஆக வேண்டும். மாவுப் பாத்திரத்தை மூடுவது தூசி விழாமல், மேல் காயாமல் இருக்க.

இன்னொன்றும் அவர் சொன்னார். லியூகோனோஸ்டாக் எடுப்பது நான் டிசம்பர் 4இல் விவரித்த வழியே அல்ல, வேறு பாதை, அதில் ஒரு குளுக்கோஸுக்கு ஒரே ஒரு ஏடிபிதான். நம் தசை எடுப்பதில் பாதி. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே இரவில் ஒரு குண்டான் மாவைத் தூக்கி நிறுத்துகிறது என்று நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

டிசம்பர் 27, இரவு 11.30

ஆக்ஸிஜனைச் சுமந்து திரிகிற சிவப்பணு தனக்கென்று ஒரு துளிகூட எடுத்துக்கொள்வதில்லை, தெரியுமா? அதற்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. 120 நாள் வாழ்நாள் முழுக்கக் கிளைக்காலிசிஸ்தான், குளுக்கோஸ் உள்ளே, லாக்டேட் வெளியே. ஊசியில் எடுத்து டியூபில் விட்ட பிறகும் அது நிறுத்தாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மே மாதம், ஒரு கலெக்ஷன் சென்டரிலிருந்து ஒரு பெரியவரின் சாம்பிள் வந்தது. சாம்பல் மூடி டியூபுக்குப் பதில் சிவப்பு மூடியில் எடுத்து, ரத்தச் செல்களைப் பிரிக்காமல், பைக் பெட்டியில் வெயிலில் ஆறு மணி நேரம் சுற்றி வந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 58 என்று வந்தது. நான் அப்படியே ரிப்போர்ட் போட்டுவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டதென்று வீட்டில் பயந்து பெரியவருக்குக் கரைத்துக் கரைத்துக் குளுக்கோஸ் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் சரியான டியூபில் எடுத்தால் 97. ரத்தம் டியூபுக்குள் தின்றதைத்தான் நான் அளந்திருக்கிறேன். அன்றிலிருந்து மூடி நிறம் பார்க்காமல் ஒரு சாம்பிளும் என் கையிலிருந்து மெஷினுக்குப் போனதில்லை.

சாம்பல் மூடிக்குள் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். அது கிளைக்காலிசிஸை உடனே நிறுத்திவிடும்.

டிசம்பர் 28, காலை 9.15

"உடனே" என்றது தப்பு, படுத்த பிறகு உறைத்தது. ஃபுளோரைடு தடுப்பது எனோலேஸ் என்ற நொதியை, அது பத்துப் படிகளில் ஒன்பதாவது. அதற்குக் கீழே உண்டாகிற லாக்டேட் சீக்கிரமே நின்றுவிடும். ஆனால் மேலே முதல் படியில் குளுக்கோஸ் நுழைவது இன்னும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சாம்பல் மூடியாக இருந்தாலும் ஐஸில் வைத்து அனுப்பச் சொல்கிறோம்.

ஜனவரி 2, இரவு 10.20

டிசம்பர் 4இல் எழுதிய கேன் கதையைத் திரும்பப் படித்தேன். கதை நிற்கிறது, ஆனால் ஒரு தவறான எண்ணத்தைக் கொடுத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆக்ஸிஜன் தீர்ந்தால்தான் லாக்டேட் வரும் என்பது போல இருக்கிறது அது. ஓடுகிற தசையில் ஆக்ஸிஜன் இருக்கும்போதே லாக்டேட் உண்டாகிறது, மைட்டோகாண்ட்ரியா வாங்கிக்கொள்ளும் வேகத்தைவிடக் கிளைக்காலிசிஸ் வேகமாக ஓடினால் போதும். அப்படி உண்டானதைப் பக்கத்துத் தசை நாரே எரிக்கிறது, இதயம் விரும்பி எரிக்கிறது, மிச்சத்தைக் கல்லீரல் வாங்கித் திரும்பவும் குளுக்கோஸ் ஆக்குகிறது. இந்தக் கடைசிச் சுற்றைக் கண்டுபிடித்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி, கிளைக்கோஜன் ஆராய்ச்சிக்காக 1947இல் நோபல் வாங்கியவர்கள். தசையில் இரண்டு ஏடிபி கிடைத்ததற்குக் கல்லீரல் ஆறு செலவழிக்கிறது. நஷ்டம்தான், ஆனால் ஓடுகிற நேரம் தசைக்குக் கைமாற்றாகக் கிடைத்தது, கல்லீரல் பிறகு நிதானமாக அடைக்கிறது.

ஐசியுவிலும் இதே பாடம். லாக்டேட் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 2க்குள் இருந்தால் நிம்மதி, 4ஐத் தாண்டினால் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் போனில் கூப்பிடுவோம். ஆனால் அந்த 4க்கு ஆக்ஸிஜன் குறைவு மட்டும் காரணமில்லை. கடுமையான கிருமித்தொற்றில் அட்ரினலின் ஏறினாலும் ஏறும், கல்லீரல் வாங்க முடியாவிட்டாலும் ஏறும், தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்தாலும் ஏறும், ஏனென்றால் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் வழியில் எரியத் தயமின் வேண்டும். உறவினர்கள் அந்த எண்ணைக் கேட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற அடுத்த எண் இறங்குகிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஜனவரி 3, காலை 6.10

அண்ணன் வயல் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: தண்ணீர் எட்டாம் நாளே வடிந்துவிட்டது, பயிர் பெரும்பகுதி தப்பியது. பள்ளத்தில் ஒரு மூலை மட்டும் அழுகிவிட்டது.

ஜனவரி 9, இரவு 11.50

நேற்று நைட் டூட்டியில் கூட்டம் இல்லை. பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு என் ரத்தத்தையே பச்சை மூடி டியூபில் எடுத்தேன், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் மட்டும் உள்ளது, ஃபுளோரைடு இல்லாதது. கொஞ்சத்தை உடனே பிரித்து அளந்தேன். மீதியை ரேக்கில் நிற்க வைத்துவிட்டு நாலு மணி நேரம் கழித்து அளந்தேன். குளுக்கோஸ் 94இலிருந்து 73. லாக்டேட் 1.1இலிருந்து 3.3.

குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில், லாக்டேட் லிட்டருக்கு மில்லிமோலில். 94இல் 73 போனால் 21, அதை மில்லிமோலுக்கு மாற்ற 18ஆல் வகுத்தால் 1.17. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு லாக்டேட் என்றால் 2.3 ஏறியிருக்க வேண்டும். மெஷின் காட்டியது 2.2.

இந்தப் படிகளை எத்தனையோ வருஷமாகப் படித்திருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் உடம்பிலிருந்து வெளியே வந்த ரத்தம், யாரும் கேட்காமலேயே, ரேக்கில் நின்றபடி அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்ததை நேற்றுதான் பார்த்தேன். ஸ்லிப்பை டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தம்பி, ஓட்டம் முடிந்த கையோடு உட்கார்ந்துவிடாதீர்கள், பத்து நிமிஷம் மெதுவாக நடங்கள். நடக்கிற தசை லாக்டேட்டை இன்னும் சீக்கிரம் எரித்துவிடும். மறுநாள் கால் வலிக்கத்தான் செய்யும்.